மூன்று ஓட்டைகள் சொன்ன பொய்: மேக்னம் ரைஃபிளும் கையால் செய்த தோட்டாவும்

இந்த எபிசோடை ஒரு ஆபீஸ் கதையோட ஆரம்பிக்கிறேன். ஹீரோ நான்தான், அசடு வழிஞ்சதும் நான்தான்.

போன வருஷம் ஒரு சர்வீஸை வேகமாக்கச் சொல்லி எனக்கு வேலை வந்தது. ஏழெட்டு செட்டிங்கை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒன்று மட்டும் மூன்று முறையும் பளிச்சென்று வேகமாக வந்தது. ஒரு கிராஃப் போட்டு, மீட்டிங்கில் காட்டி, கைதட்டலும் வாங்கியாச்சு. ப்ரொடக்‌ஷனுக்குப் போன பிறகு பார்த்தால், பழைய வேகம்தான். துளி வித்தியாசம் இல்லை. டீமில் சீனியர் அக்கா ஒருத்தர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எத்தனை தடவைப்பா ஓட்டிப் பார்த்தே?” மூன்று என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

அந்த வார இறுதியில் சும்மா படித்துக்கொண்டிருந்தபோது, இதே தப்பை நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்து, அதிலிருந்து மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டத்தைப் பற்றித் தெரிந்தது. அவர்கள் புரோகிராமர்கள் இல்லை. அமெரிக்காவில் தங்கள் வேட்டைத் துப்பாக்கிக்குத் தாங்களே தோட்டா தயாரிக்கிறவர்கள். இன்றைக்கு அவர்களுடைய வரலாறுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொதுவாகத் தடை செய்கிறது. எனக்கு ஆர்வம் வந்தது அவர்கள் எதைச் சுட்டார்கள் என்பதில் இல்லை. தாங்கள் சுட்டதை எப்படி அளந்தார்கள் என்பதில்தான்.

ஒரு தோட்டாவில் நாலு பாகம் உண்டு. முன்னால் பறக்கிற குண்டு, பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அதைப் பற்றவைக்கிற ப்ரைமர். சுட்டதும் மற்ற மூன்றும் செலவாகிவிடும், கூடு மட்டும் மிஞ்சும். விலை அதிகமான பாகமும் அந்தக் கூடுதான். 1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டைக்குப் போனவர்கள், கடையில் இருந்து பல நாள் பயண தூரத்தில் இருந்தார்கள். காலிக் கூடுகளைப் பொறுக்கி, ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து மறுபடியும் நிரப்புவார்கள். அப்போது அது சிக்கனத்துக்கான வேலை, அவ்வளவுதான். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் ‘ஐடியல்’ என்ற பெயரில் இதற்கான கைக்கருவிகளை விற்க ஆரம்பித்தார்.

சிக்கனத்துக்காகச் செய்த வேலையில் கொஞ்ச நாளில் இன்னொரு லாபம் தெரிந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக் குழாயும் நூலிழை வித்தியாசமாக இருக்கும். ஃபேக்டரித் தோட்டா எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த ரெடிமேட் சட்டை. நாமே நிரப்பினால், நம்ம துப்பாக்கிக்கென்றே தைத்த மாதிரி ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். அந்தத் தேடலுக்குப் பெயர்தான் ‘லோட் டெவலப்மென்ட்’.

சரி, மேக்னம் எங்கிருந்து வந்தது? லண்டனில் இருந்து. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனி 1912-ல் 375 மேக்னத்தையும், 1925-ல் 300 மேக்னத்தையும் கொண்டுவந்தது. இரண்டுமே நீளமான, பெரிய கூடு. இவ்வளவு பெரிய கூடு எதற்கு என்ற கேள்விக்கான பதிலில் நம்ம ஊர் வெயிலும் இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் தோட்டாக்களில் கார்டைட் என்ற மருந்து போட்டார்கள். பார்க்க சேமியா மாதிரி நீள நீளமாக இருக்கும். வெயில் ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறும். லண்டன் குளிரில் ஒழுங்காக வெடிக்கிற தோட்டா, இந்தியாவிலோ ஆப்பிரிக்காவிலோ மத்தியான வெயிலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பெரிய கூடாகச் செய்து, அழுத்தத்தைக் குறைவாக வைத்து, வெயிலுக்கென்று இடம் விட்டு வடிவமைத்தார்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கிற கார்டைட் தொழிற்சாலை 1903-ல் தொடங்கியது. அதே மருந்தை ராணுவத்துக்காக நீலகிரிக் குளிரில் தயாரித்த இடம் அது.

அமெரிக்கா இந்தப் பெரிய தோட்டாவை முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1935-ல் ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடந்த ஆயிரம் கஜப் போட்டியில், அதாவது 900 மீட்டருக்கும் மேலான தூரத்தில், பென் கம்ஃபர்ட் என்பவர் 300 மேக்னத்தை வைத்து விம்பிள்டன் கோப்பையை ஜெயித்தார். அதற்கப்புறம்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 1937-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் இந்தத் தோட்டாவுக்கும் கிடைத்தது.

ஆனால் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல். பெரிய கூடு, குறுகலான குழாய் என்றால் நிதானமாக எரிகிற மருந்து வேண்டும். வேகமாக எரிந்தால், குண்டு நகர்வதற்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட மருந்து கடையில் சுலபமாகக் கிடைக்கவில்லை. வழி திறந்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகுதான். கன்சாஸில் கேஸ் அடுப்பு மாதிரியான சாமான்களை விற்றுக்கொண்டிருந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர், ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, ராணுவம் கழித்துவிட்ட வெடிமருந்தை மொத்தமாக வாங்கினார். வைக்க இடம் இல்லாமல், ஒரு பழைய ரயில் பெட்டியை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதற்குள் அடுக்கினார். பிறகு அவர் விற்றதில் ஒன்று, 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்காகச் செய்த நிதானமான மருந்து. மேக்னத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பேர் ஹெச் 4831. அதே பெயரில் ஒரு மருந்து இன்றைக்கும் விற்கிறது.

இப்போது கையில் பெரிய தோட்டா இருக்கு, மலிவான மருந்தும் இருக்கு. இரண்டையும் வைத்து அவர்கள் எதைத் தேடினார்கள்? வேகத்தையும், காகிதத்தில் சின்ன ‘க்ரூப்’பையும். க்ரூப் என்றால், ஒரே இடத்தைக் குறிவைத்துச் சிலமுறை சுட்டு, விழுந்த ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டுக்கு நடுவே உள்ள தூரம். சின்னதாக வந்தால் தோட்டா நல்லது என்று அர்த்தம்.

இந்த இரண்டு எண்களும் முழுக்கதை இல்லை என்று முதலில் அடி வாங்கியவர்களில் ஒருவர் ஜான் நோஸ்லர். லாரித் தொழில் செய்தவர். 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்பது குதிரையை விட உயரமாக வளரும் மான் இனம். கையில் 300 மேக்னம். சேறு காய்ந்து ஒட்டிய தடித்த தோலில் பட்டதும், வேகம் தாங்காமல் குண்டு மேலேயே சிதறிவிட்டது. ஆழமாக உள்ளே போகவே இல்லை. எத்தனை குண்டு பட்டும் அந்த மிருகம் சட்டென்று விழவில்லை. வேகம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

இந்த இடத்தில் எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. நான் தப்பான எண்ணை நம்பினால் ஒரு வெப்சைட் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். அவர் தப்பான எண்ணை நம்பியதற்கு ஒரு உயிர் காட்டில் வதைபட்டது.

நோஸ்லர் ஊருக்குத் திரும்பி, குண்டின் நடுவே ஒரு செப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். அடுத்த வருஷம் அதை வைத்தே வேட்டைக்குப் போய்ப் பார்த்தார். 1948-ல் கம்பெனியும் ஆரம்பித்தார். ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் அந்தக் குண்டு இன்றும் தயாராகிறது. காகிதத்தில் மிகச் சின்ன க்ரூப் தருகிற குண்டு என்று அதற்குப் பெயர் கிடையாது. ஆனால் கொடுத்த வேலையைச் செய்யும்.

எதை அளக்கிறோம் என்பது ஒரு பிரச்சினை. எத்தனை தடவை அளக்கிறோம் என்பது அடுத்தது. என்னை மீட்டிங்கில் கவிழ்த்தது இந்த இரண்டாவதுதான்.

மாசச்சூசெட்ஸில் ஃபிராங்க்ளின் மன் என்ற டாக்டர் இருந்தார். குண்டு ஏன் ஒரே இடத்தில் போய் விழுவதில்லை என்ற ஒரே கேள்விக்காகப் பல பத்தாண்டுகள் செலவழித்தவர். மனிதனின் கை நடுக்கமே கணக்கில் வரக்கூடாது என்று, அசையாத கான்கிரீட் அடித்தளத்தில் குழாயைப் பொருத்திச் சுட்டார். வேண்டுமென்றே குண்டுகளைச் சேதப்படுத்தி, எந்தச் சேதம் எவ்வளவு தள்ளிவிடுகிறது என்று குறித்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. 1909-ல் அதைப் புத்தகமாகப் போட்டார்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1908-ல், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காஸெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். மிகக் குறைவான அளவீடுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அதன் விஷயம். காலேஜில் நாம் படித்த ‘டி டெஸ்ட்’ அங்கிருந்து வந்ததுதான். ஒருவர் துப்பாக்கி, ஒருவர் பீர். ஆனால் இரண்டு பேரையும் படுத்தியது ஒரே தலைவலி.

மேக்னத்தில் இந்தத் தலைவலி இன்னும் அதிகம். ஏன் என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் தோளில் பலமாக உதைக்கும். பத்து தடவை சுட்டால், பதினொன்றாவதுக்கு விரல் அழுத்தும் முன்பே உடம்பு சுருங்கும். குழாய் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும். மருந்தும் நிறையச் செலவு. அதனால் ஒவ்வொரு கலவைக்கும் மூன்று முறை சுடுவதே வழக்கமாகிவிட்டது. எந்தத் துப்பாக்கிக்கு அதிக அளவீடு தேவையோ, அதிலேயே குறைவாக அளக்கத் தோன்றுகிறது.

மூன்றின் லட்சணம் என்ன? நானே பைத்தானில் இருபது வரியில் ஒரு சிமுலேஷன் எழுதிப் பார்த்தேன். எட்டு ‘கலவை’ என்று பெயர் வைத்தேன். உண்மையில் எட்டும் ஒன்றேதான், ஒரு எழுத்துகூட மாறாத அதே எண்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை ‘சுட்டேன்’. ஓட்டிய பெரும்பாலான தடவைகளில், மிக மோசமான க்ரூப் மிக நல்ல க்ரூப்பை விட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வந்தது! ஒவ்வொரு தடவையும் ஒரு ‘வெற்றியாளர்’ கிடைத்தார். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். என்னுடைய மீட்டிங் கிராஃப் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

இன்னொன்றும் தெரிந்தது. மூன்று முறை சுட்டால் சராசரியாக 1 அங்குலம் வருகிற அதே துப்பாக்கி, ஐந்து முறை சுட்டால் ஏறக்குறைய 1.3, பத்து முறை சுட்டால் ஏறக்குறைய 1.6 காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. மூன்று ஓட்டைகள் உண்மையில் பாதியை மறைத்துவிட்டன.

இதற்கு அமெரிக்க ராணுவத்தின் அபெர்டீன் ஆய்வுக்கூடத்தில் இருந்த புள்ளியியலாளர் ஃபிராங்க் கிரப்ஸ் 1964-ல் ஒரு சின்ன கையேடே எழுதினார். க்ரூப்பை அளக்கும்போது மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளை மட்டும் பார்க்கிறோம், மற்றதெல்லாம் வீண். அதற்குப் பதிலாக, நடுப்புள்ளியில் இருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து சராசரி எடுத்தால், சுட்ட ஒவ்வொரு குண்டும் ஏதோ ஒரு தகவல் சொல்லும். அதே 1960-களில் டெக்சாஸைச் சேர்ந்த கென் ஓலர், குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபைத் தனிமனிதர்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பலருக்கும் தங்கள் தோட்டாவின் வேகம் வெறும் ஊகம்தான்.

சரி, தோளும் வலிக்கக்கூடாது, குழாயும் சூடாகக்கூடாது, அளவீடும் நிறைய வேண்டும். முடியுமா? பொறுமையான ஆட்கள் செய்கிற வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் சுடு. அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதே. அடுத்த வாரம் அதே கலவையில் இன்னொரு மூன்று. பிறகு குறிப்புள்ளிகள் பொருந்தும்படி எல்லாக் காகிதத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார். நாலு வாரத்தில் பன்னிரண்டு ஓட்டை. வெயில் நாள், குளிர் நாள், கை நடுங்கிய நாள் எல்லாம் அதற்குள் இருக்கும். அசிங்கமாக வந்த காகிதத்தையும் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ‘அது என் தப்பு, கணக்கில் வேண்டாம்’ என்று ஒன்றை ஒதுக்கினாலும் போச்சு. காட்டில் நிற்கும்போதும் துப்பாக்கியைப் பிடிப்பது அதே கைதானே.

ஆபீஸில் இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒரே நாளில் மூன்று தடவை ஓட்டுவதில்லை. ஒரு வாரம், வேறு வேறு நேரங்களில், முப்பது தடவை. மோசமாக வந்ததையும் கிராஃபில் விட்டுவைக்கிறேன். பழைய அந்த ‘வெற்றி’ செட்டிங்கையும் அப்படி ஓட்டிப் பார்த்தேன். எட்டில் ஐந்தாவது இடம். அதை அந்த சீனியர் அக்காவிடமும் காட்டிவிட்டேன். இந்த முறை சிரித்தார்.

உங்கள் வேலையிலும் மூன்று அளவீட்டை நம்பி மோசம் போன கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள். பெயர் சொல்லாமல் படிக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.