மறுக்கச் சென்றவர் கண்ட சான்று

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் இரவு, இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில், பிராட் தெருவைச் சுற்றி நெருக்கமாக வாழ்ந்த மக்களிடையே காலரா பரவத் தொடங்கியது. நம்மவர் வாந்திபேதி என்று அஞ்சிய அதே கொள்ளைநோய்தான். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் நீர் வற்றி, உடல் நீலம் பாரித்து மாண்டனர். முதல் மூன்று நாட்களில் 127 பேர். பத்து நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர். முடிவில் அச்சிறு வட்டாரத்தில் மட்டும் இறந்தோர் தொகை 616 ஆயிற்று. பிழைத்தவர்களுள் பெரும்பாலோர் வீடுகளைப் பூட்டிவிட்டு வேறிடம் ஓடினர்.

இந்நோய் எவ்வாறு பரவுகிறது என்பதில் அக்காலத்து அறிஞர் பலருக்கும் ஐயமே இருக்கவில்லை. அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சாவியே நோய்க்குக் காரணம் என்றனர். நகரத் துப்புரவுக்குப் பெரும்பாடுபட்ட எட்வின் சாட்விக் முதலானோரும் இதனையே நம்பினர். நாற்றம் வீசும் இடத்தில் நோய் இருந்தது. நோய் இருந்த இடத்தில் நாற்றமும் இருந்தது. ஏழைகளின் தெருக்களில் இரண்டும் சேர்ந்தே குடியிருந்தமையால் அக்கொள்கையைப் பொய்ப்பிப்பது எளிதாக இல்லை. அது மூடநம்பிக்கை என்று இன்று நகைப்பது நேர்மையாகாது; கண்ணும் மூக்கும் தந்த சான்று அது.

இதனை ஏற்காதவர் ஜான் ஸ்நோ. யார்க் நகரத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனாக 1813-இல் பிறந்தவர். பதின்பருவத்தில் நியூகாசில் நகரில் மருத்துவப் பயிற்சி பெற்றபோதே, 1831-32 காலரா அலையில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பணிபுரிந்தார். பின்னாளில் மயக்க மருந்துத் துறையில் பெயர் பெற்று, 1853-இல் விக்டோரியா அரசியின் பேறுகாலத்தில் குளோரோபாம் அளித்தவரும் இவரே. ஆவிகளைப் பற்றி அந்நகரில் எவரினும் மிகுதியாக அறிந்த ஒருவர், காலரா ஆவியால் வருவதன்று என்று சொன்னார். நோய் குடலைத் தாக்குகிறது. ஆகவே நோய்ப்பொருள் வாய்வழியாகவே உட்சென்றிருக்க வேண்டும். நோயாளியின் கழிவு குடிநீரில் கலப்பதே வழி என்பது அவர் வாதம். 1849-இல் இதனை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். கேட்பார் மிகச் சிலரே.

பிராட் தெரு அவர் வீட்டிற்கு அண்மையில் இருந்தது. அங்கிருந்த அடிகுழாயின் நீர் தெளிவும் குளிர்ச்சியும் சுவையும் உடையது எனப் பெயர் பெற்றது. ஸ்நோ தலைமைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து முதல் வாரத்து இறப்புகள் 83-இன் பட்டியலைப் பெற்று வீடுவீடாகச் சென்றார். அவற்றுள் 73 இறப்புகள் அந்த அடிகுழாய்க்கு அருகிலேயே நிகழ்ந்திருந்தன. அவர்களில் 61 பேர் அந்நீரைப் பருகியவர்கள் என்பது உறுதியாயிற்று. எஞ்சிய பத்துப் பேர் வேறு குழாய்க்கு அருகில் இருந்தவர்கள். அவர்களுள் ஐவரின் குடும்பத்தார் பிராட் தெரு நீரையே விரும்பி வரவழைத்தனர். மூவர் அக்குழாய்க்கு அருகே பள்ளிக்குச் சென்ற சிறுவர்.

ஆனால் அவருடைய வாதத்திற்கு வலிமை தந்தவை இவ்வெண்களைக் காட்டிலும் விதிவிலக்குகளே. போலந்துத் தெருவிலிருந்த ஏழையர் விடுதியைச் சுற்றிலும் சாவு. உள்ளே இருந்த 535 பேரில் ஐவரே இறந்தனர். விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் வடிசாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் தெருக்குழாயைத் தேடிப் போவதில்லை. வடிசாலை அளித்த பீரையே குடித்துவந்தனர் என்று உரிமையாளர் கூறினார். அதே தெருவில் துப்பாக்கிக்கான வெடிமூடி செய்யும் தொழிற்சாலையிலோ, குழாய்நீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தனர். அங்கு 18 பேர் இறந்தனர். ஹாம்ப்ஸ்டெட் என்னும் தொலைப்பகுதியில், காலரா தலைகாட்டாத இடத்தில், முதிய கைம்பெண் ஒருவர் செப்டம்பர் 2-இல் இறந்தார். முன்பு சோஹோவில் வாழ்ந்த அவர், பழகிய சுவையை விட மனமின்றி, அக்குழாய் நீரைப் புட்டியில் நாள்தோறும் வருவித்துப் பருகி வந்தார். அவரைக் காணவந்து அந்நீரைப் பருகிய உறவுப்பெண்ணும், இஸ்லிங்டனிலுள்ள தம் வீடு திரும்பி இறந்தார். சோஹோவின் காற்று ஹாம்ப்ஸ்டெட்டுக்குப் போகவில்லை, நீர் போயிற்று.

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை ஸ்நோ பங்கின் பாதுகாவலர் குழுவினரைச் சந்தித்தார். அவர் கூறியதை அவர்கள் முழுதும் நம்பினார்கள் என்பதற்கில்லை. எனினும் மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

கதை வழக்கமாக இங்கே முடிக்கப்படுகிறது. இறப்புகளைக் கோடுகளாகக் குறித்து ஸ்நோ வரைந்த நிலப்படத்தைக் காட்டி, அதைக் கண்டதும் உண்மை பளிச்சிட்டது, கைப்பிடி நீங்கியதும் நோய் ஒழிந்தது என்று பாடநூல்கள் எழுதுகின்றன. இரண்டும் பிழை. படம் கைப்பிடி கழற்றப்பட்ட பிறகு, அவ்வாண்டு இறுதியில் அறிஞர்முன் வைக்கப்பட்டது. நோயோ, மக்கள் ஓடிப்போனமையால், முன்னரே தணியத் தொடங்கியிருந்தது. இதனை ஸ்நோவே தம் நூலின் 1855-ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைக்காமல் எழுதினார். ஆகவே செப்டம்பர் 8-இல் எதுவும் மெய்ப்பிக்கப்பட்டுவிடவில்லை. மெய்ப்பித்தவர் வேறொருவர். அவர் ஸ்நோவை மறுக்கப் புறப்பட்டவர்.

ஹென்றி வைட்ஹெட், பெர்விக் தெருவிலுள்ள தூய லூக்கா ஆலயத்தின் உதவிக் குரு, வயது 28. கொள்ளைநோய் நாட்களில் இறப்போரின் படுக்கையருகே இருந்தவர். அழுக்கு மிகுந்த வீடுகள் தப்பியதையும் துப்புரவான வீடுகள் பலரை இழந்ததையும் கண்டு, ஏழைகளின் அசுத்தமே காரணம் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. ஸ்நோவின் கொள்கையையும் ஏற்கவில்லை. அவருடைய மறுப்புகள் அற்பமானவை அல்ல. நோயுற்றபின் அக்குழாய் நீரையே ஏராளமாகப் பருகிப் பிழைத்தவர்களை அவர் நேரில் அறிவார். (இழந்த நீரை ஈடுசெய்வதே காலராவிற்கு முதன்மையான மருத்துவம் என்று இன்று அறிகிறோம், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே உயிர் காக்கிறது.) இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நோயாளியின் கழிவு கிணற்றில் கலந்ததே காரணமாயின், நோயாளிகள் பெருகப் பெருகக் கலப்பும் பெருகி நோய் ஏறியிருக்க வேண்டுமே! கைப்பிடி இருக்கும்போதே அது தணிந்தது எப்படி?

1854 நவம்பர் இறுதியில் பங்கு மன்றம் அமைத்த விசாரணைக் குழுவில் வைட்ஹெட்டும் ஸ்நோவும் இடம்பெற்றனர். பிராட் தெருவை வைட்ஹெட் எடுத்துக்கொண்டார். ஒரே வீட்டிற்கு நான்கு, ஐந்து முறையும் சென்றார். ஊரைவிட்டு ஓடியவர்களின் புதிய இருப்பிடங்களைத் தேடிக் கண்டார். நோய் கண்ட நாட்களில் சிலரே கிடைத்த ஸ்நோவிற்கு இவ்வாய்ப்பு இருக்கவில்லை. அவர் பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டார். வைட்ஹெட் பிழைத்தவர்களையும் நோய் தீண்டாதவர்களையும் கேட்டார். இறந்தவர் குடித்தார் என்பது மட்டும் போதாது. இறவாதவர் குடிக்கவில்லையா என்பதும் தெரிய வேண்டும். மக்கள் அவரை நம்பிப் பேசினர். தாம் புதைத்தவர்களின் வீட்டுக்கே அவர் மீண்டும் வந்து, யார் குழாய்க்குப் போனார்கள், எந்தக் குழந்தை குவளையை எடுத்துவந்தது என்று கேட்டார்.

விடை அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. அந்நீரைப் பருகியதாக அறியப்பட்ட 137 பேரில் 80 பேர் நோயுற்றனர். பருகாத 297 பேரில் நோயுற்றவர் 20 பேரே. வைட்ஹெட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவரே எழுப்பிய இரண்டாவது வினா மட்டும் விடையின்றி நின்றது.

1855-இன் இளவேனிலில் பதிவேட்டுத் தாள்களைப் புரட்டுகையில் ஓர் இறப்புக் குறிப்பு அவர் கண்ணில் பட்டது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில், காவலர் ஒருவரின் ஐந்து மாதப் பெண்குழந்தை, நான்கு நாள் வயிற்றுப்போக்கிற்குப்பின் செப்டம்பர் 2-இல் இறந்தது. அப்படியாயின் நோய் கண்டது பெருஞ்சாவு தொடங்குவதற்கு முன். அடிகுழாய் நின்றதோ அவ்வீட்டின் எதிரிலேயே. வைட்ஹெட் தாயிடம் சென்று கேட்டார். துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறமிருந்த மலக்குழியில் ஊற்றியதாக அப்பெண் சொன்னார். முன்னர் ஒருமுறை கிணற்றின் உட்புறத்தைப் பார்வையிட்டபோது குறையேதும் தென்படவில்லை. ஏப்ரலில் நில அளவாளர் ஒருவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிக்கும் குறைவான தொலைவு. குழியின் செங்கற்கட்டு சிதைந்திருந்தது. இடைப்பட்ட மண் ஊறிக் கிடந்தது.

நோய் தணிந்த புதிருக்கும் இதுவே விடை. கிணற்றுக்குள் வழி திறந்திருந்தது அந்த ஒரு குழியிலிருந்துதான். குழந்தை இறந்ததும் புதிய கழிவு அதில் விழவில்லை. மேல்மாடிகளில் நோயுற்ற மற்றவர்களின் கழிவு அக்குழிக்கு வரவில்லை. ஆனால் செப்டம்பர் 8-ஆம் நாள், கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாளில், குழந்தையின் தந்தையும் காலராவில் விழுந்தார். 19-ஆம் நாள் இறந்தார். அவர் கழிவும் அதே குழிக்கே சென்றது. கைப்பிடி இருந்திருப்பின் ஊர் திரும்பியவர்கள் அந்நீரையே மீண்டும் பருகியிருப்பர். நடவாமற்போன அந்த இரண்டாவது கொள்ளைநோயை எந்தப் பதிவேடும் குறிக்கவில்லை. ஒருவருடைய விடாப்பிடியான விசாரணையால் மட்டுமே அது தெரியவந்தது.

பங்குக் குழு 1855-இல் குழாய்நீரே காரணமென அறிக்கை தந்தது. அரசின் சுகாதார வாரியம் அமைத்த அறிஞர் குழுவோ ஸ்நோவின் கொள்கையை ஏற்கக் காரணமில்லை என்றது. தென் இலண்டனில் அவர் திரட்டிய இன்னும் பெரிய சான்றும் இவ்வாறே ஒதுங்கிக் கிடந்தது. அங்கு ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு வேறு கம்பெனிகள் நீர் அளித்தன. நகரின் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரைத் தந்த கம்பெனியின் வீடுகளில் 10,000-க்கு 315 இறப்புகள். நகருக்கு மேலே நீர் எடுத்த கம்பெனியின் வீடுகளில் 37. காற்று இருசாரார்க்கும் ஒன்றே.

ஸ்நோ 1858 ஜூனில், 45-ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டுக் கோடையில்தான் தேம்ஸின் நாற்றம் பொறுக்காமல் நாடாளுமன்றம் பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கிற்று. நாற்றத்தை விரட்டக் கட்டியது நீரைக் காத்தது. தவறான கொள்கை சரியான வேலையைச் செய்தது என்பது வரலாற்றின் குறும்பு. (மதுவைத் தொடாதவராக நெடுங்காலம் வாழ்ந்த ஸ்நோவின் பெயரை அதே தெருவில் ஒரு மதுக்கடை தாங்கியதும் அவ்வகையதே.)

1866-இல் கிழக்கு இலண்டனில் காலரா மீண்டும் வந்து ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. முன்பு நச்சாவியை ஆதரித்த புள்ளியியலாளர் வில்லியம் பார் இம்முறை முதலில் குடிநீர்க் கம்பெனியின் பக்கம் திரும்பினார். விசாரணைக்கு உதவ வைட்ஹெட் மீண்டும் தெருவில் இறங்கினார். காலராக் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்து, அங்கே ஒரு குளத்து நீரிலும் கண்டது 1884-இல். அதற்குள் ஸ்நோ மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. 1896-இல் இறக்கும்வரை வைட்ஹெட் தம் படிப்பறையில் ஒரு படத்தை வைத்திருந்தார். அது ஜான் ஸ்நோவின் உருவப்படம்.