நான்கை எண்ணிக் கொடுத்தல்: அறிவுசார் குறைபாடுடைய மாணவர்க்கான தகவமைத்த கணக்கு

அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஒன்றியத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், ஊடே கும்மிடிப்பூண்டி மின்ரயில் பாதை. தீவிரமான அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்கு இவ்வூர்ப் பள்ளியில் இடம் உண்டா என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை அதன் 31-ஆம் பிரிவில் தருகிறது. பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் அவர்களுக்கேற்ப மாற்றியமைக்கச் சொல்வது 17-ஆம் பிரிவு. ஆனால் கணக்கில் எதை மாற்றுவது, எதில் கைவைக்கக் கூடாது என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அது கணிதக் கல்வியாளர்கள் செய்ய வேண்டிய வேலை. அது போதிய அளவு நடக்காததால் இரண்டு வழக்கங்கள் வேரூன்றியுள்ளன. கரும்பலகையில் இருப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தெழுதுவது ஒன்று. ரூபாய் நோட்டை அடையாளம் காட்டுவது, மணி பார்ப்பது, அப்பாவின் செல்பேசி எண்ணை ஒப்பிப்பது என 'வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கு' என்று பட்டியலிட்டுப் பழக்குவது மற்றொன்று. முதலாவதால் பயனில்லை என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. இரண்டாவது அக்கறையோடு செய்யப்படுவது. அதனாலேயே அதைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பாடத்தின் பரப்பை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். எண்ணைப் பற்றிய கருத்தை எடுத்துவிட்டுப் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்தால் அந்தப் பழக்கம் வாழ்க்கைக்கும் உதவாது என்பதே என் வாதம்.

பட்டியல் முறைக்குச் சென்னைக்கே உரிய ஒரு பெருமையான வரலாறு உண்டு. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' 18 துறைகளில், துறைக்கு 20 வீதம் 360 செயல்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தியது. ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய செயல். பிள்ளை அதைச் செய்கிறதா இல்லையா என்று மட்டும் ஆசிரியர் குறித்துக்கொள்வார். நுண்ணறிவு ஈவு என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பிள்ளையின் கதையை முடித்துவிட்ட காலத்தில், இன்று இது தெரிகிறது, நாளை அதைக் கற்பிப்போம் என்று ஆசிரியரின் பார்வையைத் திருப்பிய கருவி அது. அமெரிக்காவில் 1976-இல் லூ பிரவுனும் உடன் ஆய்ந்தவர்களும் இதையொட்டிய ஒரு கொள்கையை முன்வைத்தார்கள்: வளர்ந்தபின் இவர் எங்கே வாழ்வார், எங்கே வேலை செய்வார் என்று பார்த்து அதற்கு உதவுவதைக் கற்பியுங்கள். 'மன வயது' மூன்று என்று சொல்லிப் பதினைந்து வயதுப் பிள்ளையை மணி கோக்க வைத்த நடைமுறைக்கு இது சரியான மறுப்பு. ஆனால் சென்னைப் பட்டியலில் எண், நேரம், பணம் மூன்றும் தனித்தனித் துறைகள். மதிப்பீட்டுக்கு அது வசதி. கற்பித்தலிலும் அவை தனித்தனிப் பெட்டிகளாகிவிடும்போதுதான் சிக்கல் வருகிறது. பணத்தையும் நேரத்தையும் தாங்கி நிற்பது எண் என்ற ஒரே அடித்தளம் என்பது அப்போது மறந்துபோகிறது.

அந்த அடித்தளம் எது என்பதை ராஷெல் கெல்மனும் சி. ஆர். காலிஸ்டலும் 1978-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்பெயர் மட்டுமே. பெயர்கள் மாறாத வரிசையில் வரவேண்டும். கடைசியாகச் சொன்ன பெயரே மொத்த எண்ணிக்கை. எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்த முனையிலிருந்தும் தொடங்கலாம். இவற்றில் மூன்றாவதுதான் வாசற்படி. அதைப் பார்க்க ஒரு பிடி புளியங்கொட்டை போதும். பிள்ளை ஒன்று முதல் இருபது வரை பிழையின்றிச் சொல்கிறது; வரிசையாக வைத்த ஏழு கொட்டைகளையும் விரலால் தொட்டு எண்ணுகிறது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. "எனக்கு நாலு கொடு" என்றால் கையில் வந்ததை அள்ளிக் கொடுக்கிறது. குறைபாடு எதுவுமில்லாத இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளும் இப்படிச் செய்வதைக் கேரன் வின் 1990-இல் காட்டினார். அவர்கள் காலப்போக்கில் தாமாகவே அதைத் தாண்டிவிடுகிறார்கள். தீவிர அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்கோ அந்தப் படியைக் கற்பித்தாக வேண்டும். 'இருபது வரை எண்ணுகிறார்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் ஆசிரியர், இல்லாத படியில் பிள்ளையைக் கால்வைக்கச் சொல்கிறார். அதற்குப்பின் கூட்டலும் கழித்தலும் ஒப்பித்தலாகவே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

பணத்தைப் பார்ப்போம், ஏனெனில் பட்டியல் முறையின் மிக வலுவான வாதம் பணத்தில்தான் இருக்கிறது. கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்காத பெற்றோர் இல்லை. கடந்த பத்தாண்டுகளில் நம் பணம் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. 2000 ரூபாய் நோட்டு வந்து, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. 2017-இல் 200 ரூபாய் என்ற முன்பில்லாத நோட்டு மஞ்சள் நிறத்தில் வந்தது. 2018-இல் நூறு ரூபாய் இளம் ஊதாவாக மாறியது. 2019-இல் வந்த இருபது ரூபாயோ பச்சை கலந்த மஞ்சள். நிறத்தையும் அளவையும் வைத்து நோட்டுகளை அடையாளம் காட்டப் பல ஆண்டு பழகிய ஒருவருக்கு அந்தப் பயிற்சி முழுவதும் மூன்றே ஆண்டுகளில் வீணானது. பத்து ரூபாய் நாணயத்தை ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொன்ன பிறகும் தமிழ்நாட்டுக் கடைகள் வெகுகாலம் வாங்கவில்லை. இப்போது பெட்டிக் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பக்கத்திலுள்ள பெட்டி, வந்த தொகையை உரக்கச் சொல்கிறது. அங்கே நோட்டும் இல்லை, சில்லறையும் இல்லை. தேவைப்படுவது திரையில் இருக்கும் 40-க்கும் 400-க்கும் உள்ள வேறுபாடு, பெட்டி சொன்ன தொகை தான் அனுப்ப நினைத்ததா என்ற ஒப்பீடு. எது பெரிது, எது சிறிது, பத்து பத்தாகச் சேர்ந்தால் என்னவாகும் என்ற கருத்தில் கொஞ்சமாவது பிடி உள்ளவருக்கு நோட்டு மாறினாலும் கருவி மாறினாலும் திரும்பக் கற்பது சிறிய வேலை. பழக்கத்தை மட்டும் கற்றவருக்கு எல்லாம் முதலிலிருந்து. ஏமாற்றப்படுவதற்கான வாய்ப்பும் அவருக்கே அதிகம். தனக்கு நடந்தது ஏமாற்று என்றே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

இவர்களால் கருத்தைப் பற்றிக்கொள்ள முடியுமா என்பதற்கு ஆய்வுகள் தரும் விடை நம்பிக்கை ஊட்டுவது, எல்லைகளும் உடையது. டயான் பிரவுடரும் குழுவினரும் தீவிர அறிவுசார் குறைபாடுடையோர்க்குக் கணிதம் கற்பித்த 68 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் ஆராய்ந்தனர். படிப்படியான குறிப்புகள் கொடுத்து, குறிப்பைச் சிறிது சிறிதாக விலக்கி, ஒவ்வொரு விடைக்கும் உடனே மறுமொழி தந்து, உண்மையான சூழலில் கற்பித்த இடங்களில் அவர்கள் கற்றார்கள் என்பது அதன் முடிவு. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எண்ணும் செயல்களும், பணம் உள்ளிட்ட அளவையும் பற்றியவை. வடிவியல், இயற்கணிதம், தரவு பற்றி மிகக் குறைவு. நாம் கற்பிக்காததைக் கொண்டு அவர்களால் முடியாததை முடிவு செய்துவிட்டோம் என்றே இதை நான் படிக்கிறேன். பின்னர் அதே குழுவினர் கதைகளின் வழியே வகுப்புக்குரிய பாடக் கருத்துகளை நடுநிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பித்தபோது முன்னேற்றம் காணப்பட்டது. பங்கேற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. குறைபாடு மிதமான அளவில் இருந்தவர்கள். ஆகவே இதிலிருந்து எல்லாருக்கும் இயற்கணிதம் என்ற முழக்கத்துக்குப் போக முடியாது. ஆனால் கதவைச் சாத்திவைக்கவும் நியாயமில்லை.

தகவமைத்தல் நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு வடசென்னைக் கடலோரம் நல்ல பொருள் தருகிறது. வகுப்பில் பின்னம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீனைக் கூறு கட்டி விற்பதை இப்பகுதிப் பிள்ளைகள் சந்தையில் பார்க்கிறார்கள். பன்னிரண்டு அட்டை மீன்களை மூன்று தட்டில் சமக்கூறாக வைப்பது, ஒரு கூறில் எத்தனை என்று சொல்வது, பெரியதும் சிறியதுமாக இருந்தால் கூறு சமமா என்று வாதிடுவது: இது வகுப்பு படிக்கும் அதே கருத்து. மற்றவர்கள் மூன்றில் ஒன்று என்று எழுதுகிறார்கள். இந்தப் பிள்ளை ஒரு தட்டைத் தள்ளி வைக்கிறது, அல்லது மூன்று படங்களில் சரியானதைத் தொட்டுக் காட்டுகிறது. எழுத்தும் பேச்சும் விலகியிருக்கின்றன, சமப் பங்கு விலகவில்லை. அத்திப்பட்டிலிருந்து அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று போகும் ரயில் பாதை ஓர் எண்கோடு: எண்ணூர் தாண்டி இன்னும் எத்தனை நிறுத்தம் என்பது கழித்தல், திரும்பி வருவது பின்னோக்கி எண்ணல். இதை எண்ணூர்ப் பகுதிக்குரிய புதுமை என்று சொல்லத் தேவையில்லை. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் எண்ணும் முகத்தலும் நிறுத்தலும் ஊர்த் தொழிலோடு பிணைந்தே கற்பிக்கப்பட்டதைச் செந்தில் பாபு தம் ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். 2022-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கலாம் என்பதைத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பழக்கியும் இருக்கிறது. அரும்புக்கு முந்தைய நிலையில் நிற்கும் பிள்ளைக்கும் அதே பாடத்தில் ஒரு வேலை வகுப்பது அந்த வழியில் அடுத்த அடி.

இதற்கு வரும் மறுப்புகளில் காலத்தைப் பற்றியதே கனமானது. 2011-இல் கெவின் அயர்ஸ் முதலானோர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, சனிக் கோளைக் காட்டத் தெரிந்த மாணவருக்குப் பல் துலக்கத் தெரியவில்லை என்ற பொருளில் அமைந்தது. பள்ளி ஆண்டுகள் எண்ணித் தரப்பட்டவை. சொந்தமாக வாழக் கற்க வேண்டிய நேரத்தைப் பாடத்திட்டம் தின்றுவிடும் என்ற அவர்களின் கவலை உண்மையானது. பெயருக்குப் பாடத்திட்டத்தோடு ஒட்டி, பிள்ளைக்கு ஒன்றும் புரியாத பாடத்தை நடத்துவதற்கு எதிராக அது வெல்லும் வாதம். ஆனால் கருத்தைக் கற்பிப்பது வாழ்க்கைத் திறனின் நேரத்தைத் தின்பதில்லை. மாத்திரை இரண்டு எடுக்கவும், குக்கர் மூன்று விசில் எண்ணி அணைக்கவும், நான்கு பேருக்குத் தட்டு வைக்கவும் வேண்டியது அந்த நான்கை எண்ணிக் கொடுக்கும் திறன்தான். ஒருமுறை அது வந்தால் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாகச் செலவாகும் பயிற்சி நேரம் குறைகிறது.

ஆசிரியர் எங்கே என்பது அடுத்த கேள்வி. தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற சிறப்பாசிரியர் விகிதத்தை, உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் இட்ட ஆணையைத் தொடர்ந்து ஒன்றிய அரசு வகுத்தது. வட்டார வள மையத்திலிருந்து முறைவைத்துப் பள்ளிகளுக்குப் போகும் சிறப்புப் பயிற்றுநரை மட்டும் நம்பினால் அந்த விகிதம் எட்டாது. வகுப்பாசிரியர் கணக்கைத் தன் பொறுப்பாகக் கொள்ளாதவரை தகவமைத்தல் ஒரு கோப்பாகவே இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் தீவிரமான, பல குறைபாடுடைய பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் இந்தக் கணக்கைக் காட்டித் தர வேண்டும். அரிசி அளக்கும் படியே அதற்குக் கருவி. எவ்வளவு முயன்றாலும் மூன்றைத் தாண்டாத பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு 'இன்னும் வேண்டும்', 'போதும்', 'இதுதான் அதிகம்' என்பவையும் கணக்கே. தன் தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தானே சொல்ல முடிவது சிறிய உரிமை இல்லை.

எனவே தனிநபர் கல்வித் திட்டத்தில் 'செய்கிறார், செய்யவில்லை' என்ற இரு கட்டங்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கக் கோருகிறேன்: கற்பித்த பொருளை மாற்றி, கற்பித்த ஆளை மாற்றிக் கேட்டபோதும் செய்கிறாரா? புளியங்கொட்டையில் கற்ற நான்கைச் சத்துணவு முட்டையில் கேட்கலாம்; ஆசிரியர் கேட்டதைச் சமையலர் கேட்கலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை அடுத்த செயலுக்குப் போகாமல் அங்கேயே நின்று கற்பிக்கும் பொறுமையை மேற்பார்வை அதிகாரிகள் ஆசிரியருக்கு அனுமதிக்க வேண்டும்.