வண்டிப்பெரியார் தமிழ்வழிக் கல்வி

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீர்மேடு வட்டத்தில் பெரியாற்றங்கரையில் உள்ள தோட்ட நகரம் வண்டிப்பெரியார். இங்குள்ள தமிழ்வழி வகுப்புகளில் படிப்போர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள், பலர் தலித்துகள். 1956 மாநிலச் சீரமைப்பில் பீர்மேடு கேரளத்தோடு நின்றதால், இவர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

பாடத்திட்டம் கேரள அரசுடையது. பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கேரள அரசின் 2017 சட்டம் மலையாளத்தையும் கட்டாயப் பாடமாக்கியது. எஸ்.எஸ்.எல்.சி.யில் மாநிலத் தேர்ச்சி 2023இல் 99.70 விழுக்காடு. எல்லோரும் தேறும் தேர்வில் தேர்ச்சி விகிதம் எதையும் சொல்லாது. எத்தனை பாடங்களில் உயர்தரமான 'ஏ பிளஸ்', பிளஸ் ஒன்னில் (பதினோராம் வகுப்பில்) எந்தப் பிரிவு என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடென்றால் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. படிப்பும் உறக்கமும் அந்த ஓரறையில்தான். அம்மா காலையிலேயே கொழுந்தெடுக்கப் போய்விடுவார். 2000இல் பீர்மேடு தேயிலைக் கம்பெனி மூடப்பட்டபோது கூலியோடு பிள்ளைகளின் படிப்புச் செலவும் முடங்கியது. சாதிச் சான்றிதழ் இன்னொரு முட்டுக்கட்டை: 1950க்கு முன்பே குடும்பம் இன்றைய கேரளப் பகுதியில் இருந்ததற்கு ஆவணம் வேண்டும். தோட்டக் கூலிக்கு ஏது பட்டா? சான்றிதழ் இல்லையேல் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் இல்லை.

வசதி சற்றுக் கூடிய வீடுகள் ஆங்கிலவழிப் பள்ளியை நாடுகின்றன. தமிழிலேயே மேற்படிப்பு வேண்டுவோர் எல்லையிலுள்ள குமுளி தாண்டித் தமிழ்நாட்டின் தேனி மாவட்டக் கல்லூரிகளுக்கு இறங்குகின்றனர்.