பழிச்சொல்லும் ஹார்மோனும்

'மலடி' என்ற சொல் நம் இல்லங்கள் பலவற்றில் ஒலித்திருக்கிறது. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருந்தும் அரிதாகவே ஒலிக்கிறது. பிள்ளைப்பேறு இல்லையெனினும், உருவான கரு தொடக்கத்திலேயே கலைந்தாலும் குற்றம் சுமப்பவள் பெண்ணே. மார்க்கத்தின் பெயராலும் இதனைச் சிலர் நியாயப்படுத்துகின்றனர். ஆனால் திருக்குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயம் (42:49-50) பிள்ளைப்பேற்றையும் பேறின்மையையும் இறைவனின் நாட்டத்தோடு இணைத்தே பேசுகிறது. அங்கு ஆளப்பட்டிருப்பது ஆண், பெண் இருபாலரையும் அடக்கும் பொதுச்சொல். நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் முதுமைவரை பிள்ளையின்றி இருந்தார்கள். எனினும் தம் துணைவியாரைப் பழித்ததாகத் திருமறையில் ஒரு சொல்லும் இல்லை.

முஸ்லிம் மருத்துவ மேதைகளும் இந்த நேர்மையிலேயே நின்றனர். 10ஆம் நூற்றாண்டுக் குர்துபாவில் அரீப் இப்னு ஸஅத், கருவின் தோற்றம், கர்ப்பிணிகளின் பராமரிப்பு, சிசுக்களின் பேணல் ஆகியவை பற்றித் தனிநூல் யாத்தார். இப்னு ஸீனா (980-1037) 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் பேறின்மைக்கான காரணங்களை ஆணிடமும் பெண்ணிடமும் ஒருங்கே தேடினார். ஆயினும் அவர்கள் கையிலிருந்த அளவுகோல், வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னும் மிஸாஜ் கோட்பாடே. இரத்தத்தில் கலந்து கருப்பைக்குச் செய்தி சொல்லும் பொருளை அறியும் வழி அக்காலத்தில் இல்லை.

அந்த வழி மெல்லத் திறந்தது. கருமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் தோன்றும் மஞ்சள் நிறத் திரட்சியை (கார்பஸ் லூட்டியம்) 1672இல் டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் விவரித்தார். அதன் பணியோ இரு நூற்றாண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. கரு கருப்பையில் பதிய அதுவே உதவுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் போர்ன் ஊகித்தார். அவ்வூகத்தை முயல்களில் சோதித்த லுட்விக் ஃபிராங்கெல், அத்திரட்சியை அகற்றினால் கர்ப்பம் நிலைப்பதில்லை என்று 1903இல் வெளியிட்டார். 1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும், சூலகம் நீக்கப்பட்ட முயல்களில் அதன் சாற்றைச் செலுத்திக் கர்ப்பத்தைக் காத்தனர். 1934இல் அப்பொருள் தூய படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே புரோஜெஸ்டிரோன். கர்ப்பத்தின் முதல் ஏழு வாரங்கள்வரை இதனைப் பெரிதும் சுரப்பது மஞ்சள் திரட்சியே. பின்னர் நஞ்சு அப்பொறுப்பை ஏற்கிறது.

ஹார்மோன் குறைந்தால் கரு கலையும். ஆகவே ஹார்மோனைக் கொடுத்தால் கரு நிலைக்கும் என்று கருதுவது எளிது. அந்த அவசரத்திற்கு உலகம் விலை கொடுத்தது. கருச்சிதைவைத் தடுக்குமென நம்பி 1940களிலிருந்து பல நாடுகளில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் வழங்கப்பட்டது. அதனால் பயனில்லை என்று 1953இல் சிகாகோ ஆய்வு காட்டிய பின்னரும் வழக்கம் நிற்கவில்லை. அம்மருந்தை உண்ட தாய்மாரின் மகள்களிடம் அரிய யோனிப் புற்றுநோய் தோன்றுவதை 1971இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர்.

குறைந்த அளவு எப்போதும் காரணமும் அன்று. சில வேளை அது விளைவே. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்பவை. கரு தளரும்போது ஹார்மோனும் தாழ்கிறது. காரணம் அறியப்படாத தொடர் கருச்சிதைவுற்ற 836 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், புரோஜெஸ்டிரோன் பெற்றோரில் 65.8 விழுக்காட்டினரும் பெறாதோரில் 63.3 விழுக்காட்டினரும் உயிருள்ள மகவைப் பெற்றனர், பயன் நிறுவப்படவில்லை. ஆனால் ஆரம்ப கர்ப்பத்தில் இரத்தப்போக்கு கண்ட 4,153 பெண்களிடம் நடந்த 2019ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவுற்றிருந்தோரிடம் மகப்பேறு 57இலிருந்து 72 விழுக்காடாக உயர்ந்தது. யாருக்கு, எப்போது என்ற வினாவே மருந்தின் பயனைத் தீர்மானிக்கிறது.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தேடல் கணவன், மனைவி இருவரிடமும் தொடங்கட்டும். கருவை இழந்த பெண்ணுக்கு நாம் அளிக்க வேண்டியது பரிவும் பரிசோதனையுமே. பழிச்சொல்லுக்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் ஆதாரமில்லை.