ஸ்ரீ நம்பர் ப்ளேட்டும் ஒரு பழைய பான்டமும்

ஏப்ரல் வந்தா நுவரெலியாவே வேற ஊர் மாதிரி ஆகிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் பந்தயம், எங்க பார்த்தாலும் கொழும்பு வாகனங்கள். 1934இல் தொடங்கிய மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தேயிலைச் செடிகளுக்கு நடுவுல போற தோட்டப் பாதையிலதான் நடக்குது. நம்ம ஆளுங்களுக்கு இதிலெல்லாம் ஒரே வேலைதான்: மேட்டுல நின்னு வேடிக்கை பார்க்கிறது.

போன வருசம் நாங்க அப்படி நிக்கல. எங்க நண்பன் ஒருவனோட தாத்தாவின் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைச்சு, வேன்ல ஏத்தி, பழைய வாகனங்களுக்கான ஒரு கண்காட்சிப் போட்டிக்குக் கொண்டு போனோம். பரிசு கிடைக்கல. அதைப் பற்றிப் புலம்ப இந்தக் கட்டுரை இல்லை. அங்கே ஒரு நடுவர் எதுக்குப் புள்ளி போட்டார், எதுக்குக் குறைச்சார் என்று யோசிக்கப் போய், நாங்க மலையக வரலாற்றுக்குள்ள வந்து நின்னோம். அதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் இந்தப் போட்டியைப் பற்றி. இதில் வேகத்துக்கு வேலை இல்லை. வண்டி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், நடுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். இந்தப் பழக்கம் ஐரோப்பாவில் பணக்காரர்களின் அழகுப் போட்டியாக வளர்ந்தது. இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் நடக்கும் வில்லா டெஸ்டே போட்டி 1929இலும், அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டி 1950இலும் ஆரம்பித்தவை. நமக்குப் பக்கத்தில், டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இலிருந்து பழைய கார் ஊர்வலம் நடத்துகிறது. மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான். என்ஜின் நம்பரும் சட்ட நம்பரும் பொருந்துதா, பெயின்ட் அந்தக் காலத்து நிறமா, எந்தப் பாகம் ஒரிஜினல், எது பிறகு மாத்தினது என்று பார்ப்பார்கள். பல இடங்களில் 100 புள்ளியில் தொடங்கி, குறை காணக் காணக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

எங்க வண்டி பிஎஸ்ஏ பான்டம் டி7, 175 சிசி. பான்டத்தின் கதையே ஒரு உலக வரலாறு. அதன் வடிவம் முதலில் ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பனி செய்த ஆர்டி 125. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து நட்டஈடாக அந்த வரைபடங்கள் பிரிட்டனுக்குப் போக, பர்மிங்காமில் இருந்த பிஎஸ்ஏ 1948இல் அதைப் பான்டம் என்று வெளியிட்டது. இங்கிலாந்தில் தந்தி கொண்டுபோன பையன்கள் ஓட்டியது சிவப்புப் பான்டம். அதே வண்டி கப்பலேறி வந்து ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் சின்ன துரைக்கு வாகனமானது.

தோட்டத்தில் வாகனம் என்றால் அந்தஸ்து. எங்க பெரியவங்க சொல்ற கணக்கு இதுதான்: பெரிய துரைக்குக் கார், சின்ன துரைக்கு மோட்டார் சைக்கிள், மத்த எல்லாருக்கும் கால். மலையில் அந்தச் சத்தம் கேட்டாலே கங்காணி நிமிர்ந்து நிற்பார், கொழுந்து பறிக்கிறவங்க பேச்சை நிறுத்திடுவாங்க. அந்த வண்டியைத்தான் தொழிற்சாலையில் மெசின் பழுது பார்த்த தாத்தா வாங்கினார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது துரை ஊரைவிட்டுப் போனார். வண்டி தாத்தாவிடம் வந்தது. புக் வரவில்லை.

ஏன் வரல? வண்டியைத் தன் பேருக்கு மாத்த தாத்தாவிடம் அடையாள அட்டை இல்லை. இந்த நாட்டில் பிறந்தவர்தான். ஆனா 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்க ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 1988 சட்டத்துக்குப் பிறகு. வண்டிக்கு இருந்த பதிவு, அதை ஓட்டினவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

போட்டி விண்ணப்பத்தில் 'முந்தைய உரிமையாளர்கள்' என்று ஒரு கட்டம் இருந்துச்சு. புக்கைப் பார்த்து எழுதினா, அந்தப் பதின்மூன்று பதினாலு வருசமும் வண்டி துரையுடையதுதான். நாங்க புக்கில் உள்ளபடியே எழுதினோம். தாத்தா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் நல்ல மனுசன். பொறுமையாகப் பார்த்தார். பின்னால் வந்து நம்பர் ப்ளேட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துடுச்சு. பழைய ஸ்ரீ ப்ளேட், அப்படியே இருக்கு! முழுப் புள்ளி. நாங்களும் சந்தோசமா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தாத்தா மட்டும் ஒண்ணும் சொல்லல. திரும்பி வரும்போது வேனுக்குள்ள சொன்னார்: "அந்த எழுத்தால பொகவந்தலாவையில ரெண்டு பேர் செத்தாங்க. எனக்கு அப்ப பதினெட்டு வயசு."

எங்களில் ஒருத்தருக்கும் இது தெரியாது. வரலாறு படிக்கிறவங்களும் எங்களுக்குள்ள இருக்காங்க. பிறகு தேடிப் படித்தோம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 தொடக்கத்திலிருந்து புதிய வாகனங்களின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. 1958இல் தேசியமயமான பஸ்களை ஸ்ரீ எழுத்தோடு வடக்குக்கு அனுப்பியபோது, தமிழரசுக் கட்சிக்காரர்கள் அதைத் தாரால் அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது. போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அந்த ஏப்ரலிலேயே பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் நாடு முழுக்கக் கலவரம். சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்லாத ஆட்கள் ஒரு வாகன எழுத்துக்காகச் செத்திருக்கிறார்கள் என்பதை இப்பவும் எங்களால சும்மா கடந்து போக முடியல.

நடுவர் மேல எங்களுக்குக் கோபம் இல்ல. அவர் பார்த்தது தகட்டின் வயசை. ஆனா 'ஒரிஜினல்' என்ற சொல்லை நாங்க அதுக்குப் பிறகு சந்தேகத்தோடதான் பார்க்கிறோம்.

புள்ளி குறைந்த இடங்களைப் பாருங்க. பின் கெரியர் கம்பனி செய்தது இல்லை, கழிவு. அது தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் பழைய கம்பி வலையை வெட்டி, தாத்தா ஒட்டினது. முன்பக்கம் ஒரு பித்தளை புஷ், அதுவும் கழிவு. ரோலர் மேசையில் தேய்ந்துபோன பித்தளைத் துண்டைக் கடைந்து செய்தது. 1971இல் பான்டம் உற்பத்தியே நின்னுடுச்சு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் இங்கே உதிரிப்பாகம் கிடைக்காது. அந்தப் புஷ் இல்லாட்டி வண்டி எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். வண்டியைக் காப்பாத்தின வேலைதான் தாளில் குறையாக விழுந்தது.

இப்படி யோசிப்பது நாங்க மட்டும் இல்லை. பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேச அமைப்பான ஃபிவா 2013இல் துரின் சாசனம் என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு வாகனம் ஓடின காலத்தில் அதற்கு நடந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதி, எல்லாத்தையும் அழித்துப் புதுசாக்குவது பாதுகாப்பு ஆகாது என்பது அதன் சாரம். அந்தக் கண்ணால் பார்த்தா, பித்தளைப் புஷ் ஒரு ஆவணம். தோட்டத்துப் பதிவேடுகளில் எங்க தாத்தாமார் பெயரும் செக்ரோல் இலக்கமும்தான் இருக்கும், கைவேலை இருக்காது. அது இந்த மாதிரிப் பொருட்களில்தான் மிஞ்சியிருக்கு.

அடுத்த ஏப்ரலும் போறோம். கெரியரைக் கழற்றச் சொல்லிச் சிலர் ஆலோசனை சொன்னாங்க, கழற்ற மாட்டோம். தகட்டையும் மாத்த மாட்டோம், அது அங்கேயே இருக்கட்டும். விண்ணப்பத்தோட ஒரு தனித் தாள் சேர்க்கிறோம். 1975இலிருந்து வண்டி யாரிடம் இருந்தது, புக்கில் ஏன் அவர் பேர் இல்லை, எந்தப் பாகத்தை எதிலிருந்து செய்தார் என்று தாத்தா சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு இருக்கோம். இதுவரை நாலு பக்கம் வந்திருக்கு. உங்க லயத்தில், உங்க வீட்டுப் பின்பக்கத்தில் இப்படி ஒரு பழைய வண்டி, தையல் மெசின், ரேடியோ கிடந்தா, துடைக்கிறதுக்கு முதல் அதைப் பழுது பார்த்தவங்ககிட்ட ஒரு தடவை பேசிடுங்க.