துருவே காப்பாக: தில்லி இரும்புத்தூணும் அதன் மேற்படலமும்

உலோகத்தைக் காக்க அதன்மேல் வேறொரு பொருளைப் பூசுவதே பொதுவழக்கு. இன்றைய வெட்டுக்கருவிகளின் மீது சில மைக்ரான் கனத்தில் படியவைக்கப்படும் பொன்னிற டைட்டானியம் நைட்ரைடு இதற்கு நல்ல சான்றாகும். இவ்வழக்கை மனத்திற்கொண்டே தில்லி மெக்ராலி இரும்புத்தூணையும் பலர் நோக்கினர். பண்டைக் கொல்லர் அதன்மீது மறைபொருளான பூச்சொன்றைப் பூசினர் என்னும் கருத்து அவ்வாறே பரவியது. உலோகவியல் ஆய்வு இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

சற்றொப்ப 7.2 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது இத்தூண். இதிலுள்ள வடமொழிக் கல்வெட்டு சந்திரன் என்னும் அரசனைப் போற்றுகிறது. அவன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பர் அறிஞர் பலர். 1838இல் ஜேம்ஸ் பிரின்செப் இதனைப் படித்து வெளியிட்டார். திருமாலுக்கு நாட்டிய கொடித்தூண் எனக் கூறும் அக்கல்வெட்டு, தூண் இரும்பாலானது என்பதைக்கூடச் சொல்லவில்லை. அழியாத உலோகம் செய்த பெருமிதம் அதில் இல்லை என்பது கருதத்தக்கது.

விடை இரும்பின் உள்ளேயே இருந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. தூணின் இரும்பில் பாசுபரசு ஏறத்தாழ 0.25 விழுக்காடு உள்ளது. இக்கால எஃகில் அது பொதுவாக 0.05 விழுக்காட்டிற்கும் குறைவு. அக்கால உலையில் கரியே எரிபொருள், சுண்ணாம்புக்கல் சேர்க்கப்படவில்லை. ஆதலின் கசடோடு கழிந்திருக்க வேண்டிய பாசுபரசு இரும்பிலேயே தங்கியது. முதலில் இரும்பு துருப்பிடிக்கவே செய்தது. அப்போது உலோகத்திற்கும் துருவிற்கும் இடையே பாசுபரசு திரண்டு, மிசவைட்டு என்னும் செறிந்த படலம் உருவாகத் துணைநின்றது. மழையில் நனைவதும் வெயிலில் உலர்வதுமாக ஆண்டுகள் செல்லச்செல்ல, படிகவடிவப் பாசுபேட்டுச் சேர்மமும் அதில் உண்டாகி நுண்துளைகளை அடைத்தது. இத்தனையும் சேர்ந்த படலத்தின் கனம் 0.05 மி.மீ. அளவே.

பாசுபரசு மிகுந்த இரும்பு குளிரில் நொறுங்கும் இயல்புடையது. கருவி செய்வோர்க்கு அது குறை; அதனாலேயே பிற்கால உலைகள் அதனை நீக்கின. செம்பிலுள்ள களிம்பை ஆணவ மலத்திற்கு உவமையாக்கிய சைவ சித்தாந்த மரபை அறிந்தோர்க்கு, மாசே காப்பாகும் இந்நிலை வியப்பளிக்கக்கூடும்.

தில்லியின் வறண்ட காற்றே காரணம் என்ற பழைய விளக்கம் முற்றிலும் தவறன்று. எனினும் அது தனித்து நில்லாது. அதே காற்றில் பாசுபரசு குறைந்த இரும்பு துருப்பிடித்தே அழிகிறது. நனைந்து உலரும் வாய்ப்பில்லாத மண்ணுக்குள் இத்தூணுக்கும் அக்காப்பு வாய்க்கவில்லை. 1961இல் தூண் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது புதைந்திருந்த பகுதியில் தடித்த துரு காணப்பட்டது. வெளியே, தூணைப் பின்புறமாகக் கைகோத்துத் தழுவினால் நற்பேறு கிட்டும் என்ற நம்பிக்கையால் வந்தோரின் கைகளும் உடைகளும் படலத்தைத் தேய்த்தன. 1997இல் தொல்லியல் துறை வேலி அமைத்தது. மெருகேறிய அப்பகுதி தூணின் ஏனைய நிறத்தினின்று இன்றும் வேறுபட்டுத் தெரிகிறது.