சிட்னி டேலிலியும் மெல்பர்ன் டேலிலியும்

ஆஸ்திரேலியத் தமிழர் வீட்டுப் பின்கட்டில் முதல் இடம் கறிவேப்பிலைக்கு, அடுத்தது முருங்கைக்கு. பூச்செடிக்கு முறை வரும்போதும் மல்லிகைத் தொட்டிதான் முந்திக்கொள்ளும். டேலிலி கடைசியில் வந்து சேரும். வந்த பிறகு இவற்றில் குறைவாகத் தொல்லை தருவதும் அதுதான். சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துச் செடி. கிழங்கு போலத் தடித்த வேரில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாழை மாதிரி பக்கக்கன்று விட்டுத் தூர் கட்டும். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும். ஆனால் ஒரு பூந்தண்டில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மொட்டுகள் இருப்பதால், நல்ல தூர் ஒன்று மூன்று நான்கு வாரங்கள் விடாமல் பூக்கும்.

எங்கும் வளரும் என்ற பெயரை நம்பித்தான் சிட்னிக்காரரும் மெல்பர்ன்காரரும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே ரகத்தைத் தபாலில் வரவழைக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் ஒருவர் தோட்டத்தில் தூர் கொழிக்கிறது. இன்னொருவர் தோட்டத்தில் அதே ரகம் வாங்கியபோது இருந்த அளவிலேயே நிற்கிறது. உரத்தைக் குறை சொல்வதற்கு முன் குளிர்காலத்தைப் பார்க்க வேண்டும்.

டேலிலியைக் குளிர்கால நடத்தையை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். பசுமை மாறாத வகை ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும். உறங்கும் வகை குளிரில் இலையை முழுவதும் உதிர்த்து மண்ணுக்குள் ஒடுங்கி, வசந்தத்தில் புதிதாக முளைக்கும். அரைப்பசுமை வகை இரண்டுக்கும் நடுவில். சிட்னியின் ஜூலைப் பகல் சராசரியாக 17 டிகிரியை ஒட்டியது, மெல்பர்னில் 14. இரவில் இரு நகரங்களுக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் மெல்பர்னில் பகலிலும் மண் சூடேறாமல் மாதக்கணக்கில் கிடக்கிறது. உறங்கும் வகை நன்றாகத் தூங்கி எழுவதற்கு அது போதும். சிட்னிக் கடலோரத்தில் அந்தத் தூக்கம் அரைகுறையாகப் போய்விடும். அங்கே செடி சாவதில்லை, பெருகுவதுமில்லை. பென்ரித், ரிச்மண்ட் போல உறைபனி விழும் மேற்குச் சிட்னி கொஞ்சம் விதிவிலக்கு.

இந்த ஒப்பீடு சமமானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பசுமை மாறாத வகைகளில் பெரும்பாலானவை மெல்பர்னிலும் பிழைத்துக்கொள்ளும். உறங்கும் வகைதான் சிட்னியில் சுணங்கும். 1975-இல் அமெரிக்காவின் வால்டர் யப்லான்ஸ்கி பதிவுசெய்த 'ஸ்டெல்லா டி ஓரோ' என்ற குட்டை மஞ்சள் ரகம் உறங்கும் வகை. உலகில் மிக அதிகம் நடப்பட்ட டேலிலிகளில் ஒன்று என்பதால் சிட்னிக் கடைகளிலும் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக அங்கே வாங்க வேண்டும் என்றில்லை. அந்த மஞ்சளை நான் மெல்பர்னுக்கே விட்டுக்கொடுப்பேன்.

பூவின் வடிவத்தில் நிலைமை தலைகீழ். இன்று எல்லாரும் மயங்குவது ஓரம் சுருக்குத் தைத்தது போல இருக்கும் தடித்த இதழ் ரகங்களில். இவற்றில் பல, நிறப்புரிகளின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கையை 22-இலிருந்து 44 ஆக்கி உருவாக்கப்பட்டவை. இந்தக் கனத்த மொட்டு மலர வெதுவெதுப்பான இரவு வேண்டும். சிட்னியின் டிசம்பர் இரவு 17, 18 டிகிரியில் இருப்பதால் விடியலில் பூ முழுதாக விரிந்துவிடும். மெல்பர்னில் டிசம்பர் இரவு சராசரி 13-ஐ ஒட்டியது. தெற்கிலிருந்து குளிர்காற்று வீசிய மறுநாள் அந்தச் சுருக்கு ஓரம் ஒட்டிக்கொண்டு பூ பாதியில் நின்றுவிடும். செடிக்கு நோய் என்று மருந்தடிக்க ஓடாதீர்கள். மெல்பர்னுக்கு மெல்லிய இதழும் எளிய வடிவமும் கொண்ட ரகங்களே அழகு.

வெயிலைப் பொறுத்தவரை இரு நகரமும் கொடுமைக்காரர்கள்தாம். மெல்பர்னில் 2009 பிப்ரவரி 7 அன்று 46.4 டிகிரி, பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி. அடர்சிவப்பும் கருஊதாவும் இத்தகைய வெயிலில் நண்பகலுக்குள் கரைந்து வழியும். அவற்றுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள கிழக்குப் பக்கம் கொடுங்கள். மஞ்சளும் வெளிர்நிறங்களும் நாள் முழுக்கத் தாங்கும். மொத்தத்தில் ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் டேலிலி வைத்தால் இலைதான் மிஞ்சும்.

மழைக் கணக்கு சிட்னியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். மெல்பர்னில் அதில் பாதியைச் சற்றே தாண்டும். சிட்னியின் பிப்ரவரி, மார்ச் புழுக்கத்தில் இலையில் செம்மஞ்சள் பொடி படிந்தால் அது துரு நோய். இந்தப் பூஞ்சைக்குப் பச்சை இலை வேண்டும். ஆண்டு முழுக்க இலை வைத்திருக்கும் வகையிலேயே அது குளிர்காலத்தையும் கடத்திவிடுகிறது. சிட்னிக்கு ஏற்ற வகைதான் துருவுக்கும் ஏற்றது. எனவே அங்கே நெருக்கி நடாமல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மாலையில் இலை நனையாதபடி காலையில் வேருக்குத் தண்ணீர் விட வேண்டும். மெல்பர்ன்காரருக்கு இந்தக் கவலை குறைவு. அவருக்கு வசந்தத்தில் அசுவினியும் நத்தையும், மொட்டு கட்டும் நேரத்தில் வடக்கிலிருந்து வரும் அனல்காற்றும்தான். மொட்டு விட்ட பிறகு அங்கே தண்ணீர் தவறக் கூடாது.

மண்ணில் நகரத்துக்கு நகரம் என்பதைவிடப் பேட்டைக்குப் பேட்டைதான் வேறுபாடு. சிட்னியில் தமிழர் நிறைந்த பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் களிமண். சிட்னிக் கடற்கரை ஓரம் மணற்கல் உதிர்ந்த மணல். மெல்பர்ன் மேற்கில் டார்னீட், வெரிபி எரிமலைப் பாறை மண் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதே மெல்பர்னின் செல்டன்ஹாம் பக்கம் மணல். களிமண்ணில் மக்கு உரமும் ஜிப்சமும் கலந்து மேடு கட்டி நடுங்கள். மணலில் மக்கு உரமும் மூடாக்கும் இல்லாமல் எதுவும் நடக்காது. எந்த மண்ணானாலும் வேரும் இலையும் சேரும் கழுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் புதையக் கூடாது. மூடாக்கும் அதன்மேல் ஏறக் கூடாது.

மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தூர் பிரிக்க வேண்டும். சிட்னியில் அதற்கு ஏப்ரல், மே. ஜனவரிப் புழுக்கத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகிவிடும். மெல்பர்னில் ஏப்ரலை விட்டால் ஆகஸ்ட் இறுதிவரை பொறுப்பது நல்லது. ஜூன் மாதக் குளிர்ந்த ஈரக் களிமண்ணில் புதுக்கன்று வேர் விடாமல் கிடந்து கெடும்.

பூக்கும் காலமும் சில வாரங்கள் தள்ளித்தான். சிட்னியில் தீபாவளியை ஒட்டி முதல் பூக்கள் வந்துவிடும். மெல்பர்னில் பெருக்கு மார்கழியில். நீண்ட நாள் பூ வேண்டுமென்றால் சிட்னி. இலை சுத்தமாக, வேலை குறைவாக வேண்டுமென்றால் மெல்பர்ன். என் ஓட்டு மெல்பர்னுக்கு.

வீட்டில் பூனை இருந்தால் இரண்டு நகரத்திலும் டேலிலி வேண்டாம். அதன் இலையோ பூவோ பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அடுத்த நகரத்து உறவினர் கன்று தருகிறார் என்றால், நிறத்தைக் கேட்பதற்கு முன் குளிர்காலத்தில் அதற்கு இலை நிற்குமா என்று கேளுங்கள். கைக்கு வந்ததும், துரு ஒட்டிக்கொண்டு வராதபடி இலையை ஒரு சாணுக்குக் குறைவாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு நடுங்கள்.